நான் செத்த அன்று அம்மாவும் வந்திருந்தார்

செத்துப்போவதில் எனக்கு மிகப் பெரிய தொல்லையாக இருந்தது மூக்குத்தான்.

தள்ளுகட்டிலில் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருக்கிறேன். நெற்றியிலிருந்து காதுவரை சோளப்பாணி என்கிற இனிப்புப் பாகில் சாயம் கலந்து செய்த இரத்தம். காயக் காய அது தோலை இறுக்கிப் பிடிக்கும். முகமெல்லாம் கேக் கடை வாசனை. மேலே விளக்குகளின் சூடு, பாதங்களில் மெல்பேர்ண் குளிர். மூக்கு நுனியில் ஏதோ ஊர்கிறது. ஈயா, தூசியா, கற்பனையா தெரியாது. செத்தவள் மூக்கைச் சொறியக் கூடாது.

தலைமாட்டில் அமெரிக்காவின் பெயர்பெற்ற நடிகை ஒருவர் என் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் கமெராக்கள். கமெராக்களுக்கும் பின்னால், மடக்குக் கதிரையொன்றில், மயில்நீலச் சேலையும் ஓட்டச் சப்பாத்துமாக என் அம்மா.

அம்மா எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று சொல்வதற்கு முதல், நான் எப்படிச் செத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பெயரின் பின்பாதி

போன வாரக் கட்டுரையில் லொஸ் ஏஞ்சலிஸ் பஸ் தரிப்பில் என்னைத் தனியே நிற்கவிட்டு முடித்துவிட்டேனாம். கோபித்துக்கொண்டு ஒரு வாசகி மின்னஞ்சல் போட்டிருந்தார். பஸ் வந்தது, அக்கா. ஏறினேன். அந்தப் பஸ் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில் என் பெயர் பாதியாகக் குறைந்தது.

என் பெயர் துஷ்யந்தி. வீட்டில் துஷி. சிட்னியில் பார்மசிஸ்டாக வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலும் துஷிதான். அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் முகவர் என் படத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அங்கே குழந்தைகளின் பின்பக்கத்தைச் செல்லமாகத் 'துஷி' என்றுதான் சொல்வார்களாம். "திரையில் பெயர் ஓடும்போது ஜனம் சிரிக்கும்" என்றார்.

ஆகவே முன்பாதியை அவருடைய மேசையில் விட்டுவிட்டு, பின்பாதியோடு வெளியே வந்தேன். அன்று முதல் நான் யந்தி நாதன்.

யந்தி நாதனாக நான் நடித்தவற்றை எண்ண அதிக விரல் தேவையில்லை. ஒரு படத்தில் விமானத்தில் அழும் பயணி. ஒரு படத்தில் வங்கி மேலாளர். ஒரு தொடரில் விஞ்ஞானி, அதில் நான் பேசியது ஒரே வசனம், "அது வெடிக்கப் போகிறது!" மூன்று முறை அமெரிக்கா போய், மூன்று முறையும் சூட்கேசோடு சிட்னியின் கிரவீனுக்குத் திரும்பி வந்தேன். என் கணவர் ரமணன் விமான நிலையத்துக்கு வந்து காரில் ஏற்றுவார். எதுவும் கேட்க மாட்டார். வழியில் கொத்துரொட்டி வாங்கித் தருவார். அவருடைய ஆறுதல் அப்படித்தான்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. நான் ஹொலிவூட்டைத் தேடிப் போனதை நிறுத்தியதும் ஹொலிவூட் மெல்பேர்ணுக்கு வந்தது. ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடரை இங்கே எடுத்தால் செலவு குறைவு என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கதையில் ஊர் சிக்காகோ. ஜன்னலுக்கு வெளியே தெரியும் பனி, உப்பும் கடதாசியும். அதில் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் டொக்டர் மாயாவாக நான்.

தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பார்மசியில் நின்ற பதினைந்து வருடமும் நான் சொன்ன மருந்துக் குறிப்பை எங்கள் சனத்தில் ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. டொக்டராக நடிக்கத் தொடங்கியதும் கோயில் வீதியில் என்னை மறித்து முழங்காலைக் காட்டினார்கள். ஓர் அங்கிள் பிரஷர் குளிசையை எந்த நேரம் போடுவது என்று கேட்டார். பல வருடத்துக்கு முந்தி கவுண்டருக்குப் பின்னால் நின்று அவருக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னேன். "டொக்டர் சொன்னால் சரி" என்று போனார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்

தொடரின் நாயகியை டெல்லா என்று வைத்துக்கொள்வோம். முழுப் பெயரையும் சொன்னால் உங்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்து வளர்ந்தவர்களாக இருப்பீர்கள்.

ஆறு வயதில் அவரைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய தாயார் ஒரு விளம்பர நிறுவனத்துக்குள் நுழைந்திருக்கிறார். முதலில் காலை உணவு விளம்பரங்கள். பதினாறில் ஒரு காதல் படம் ஓடு ஓடென்று ஓடி, பள்ளிக்கூடப் பெட்டைகளின் அறைச் சுவரெல்லாம் அவர் முகம். முப்பதைத் தாண்டியதும் தொலைபேசி அடிக்கவில்லை. இரண்டு கல்யாணம் வந்து போனது. நாற்பதுக்கு மேல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வக்கீலாக நடித்து எழும்பி நின்றார். இப்போது அறுபதை நெருங்குகிறார். ஒப்பனை அறையில் என் பக்கத்துக் கதிரை அவருடையது. விடிய வந்து கம்பளிச் சொக்ஸோடு கால்களை மேசையில் போட்டுக்கொண்டு பழைய கதைகள் சொல்வார்.

அவர் எனக்குச் சொல்லித்தந்தவற்றில் ஒன்று: "தயாரிப்பாளர் தானாக உன்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், நீ சாகப்போகிறாய்."

தொடரின் மூன்றாவது பருவத்தின் நடுவில் எங்கள் தலைமைத் தயாரிப்பாளர் பார்பரா என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

நகரத்துச் சந்தொன்றில் இத்தாலியக் கடை. பார்பரா இலை குழையாய் ஏதோ சாலட் கொண்டுவரச் சொன்னார். நான் பாஸ்தா சொன்னேன். சாகப்போகிறவள் ஏன் இலை சாப்பிட வேண்டும்?

"நாங்கள் எல்லாரும் உன்மேல் உயிராக இருக்கிறோம்" என்று ஆரம்பித்தார்.

"எந்தப் பகுதியில் சாகிறேன்?" என்று கேட்டேன்.

அவர் கரண்டியை வைத்தார். "டெல்லா சொல்லிவிட்டாளா?"

"நீங்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதே சொல்லிவிட்டது."

டொக்டர் மாயா வேலைக்கு வரும் வழியில் கார் விபத்தில் இறந்துபோவார். யாரும் பார்க்க மாட்டோம். டெல்லாவின் பாத்திரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும், அவர் முகம் மாறும், அவ்வளவுதான். "உன்னைப் பார்வையாளர்களுக்குப் பிடிக்கும். பிடித்தவர் போனால்தானே வலிக்கும்?" என்றார் பார்பரா. என் வேலை போவதற்கு இதைவிட இனிப்பான காரணத்தை யாரும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு. இந்தத் தொடரை நம்பிப் பார்மசி வேலையை விட்டாயிற்று. எங்கள் நிறத்தில், எங்கள் வயதில் அடுத்த பாத்திரம் எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. சண்டை பிடித்து உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். அந்த மேசையில் உயிர்ப்பிச்சை கேட்டுப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும். வாயிலிருந்து வந்தது வேறு.

"தொலைபேசியில் சாக மாட்டேன்" என்றேன்.

"என்ன?"

"கொல்லுவதென்றால் கமெராவுக்கு முன்னால் கொல்லுங்கள். என்னை அந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுவாருங்கள். டெல்லா என்னைக் காப்பாற்றப் பார்க்கட்டும். முடியாமல் போகட்டும். மூன்று வருடம் மற்றவர்களுடைய நெஞ்சைத் திறந்தவள் நான். என்னுடைய சாவை ஒரு டெலிபோன் மணியாக்காதீர்கள்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பார்பரா நெடுநேரம் இலைகளைக் கிளறினார். பிறகு, "டெல்லாவோடு கதைக்கிறேன்" என்றார். அடுத்த கிழமை டெல்லா ஒப்பனை அறைக்குள் வந்து சொக்ஸ் கால்களை மேசையில் போட்டார். "உன்னைக் கொல்லும் பாக்கியம் எனக்கே கிடைத்திருக்கிறது" என்றார்.

எழும்பினதை ஆர் காட்டுறது?

படப்பிடிப்பு நாட்களில் நான் மெல்பேர்ணில், கிளேட்டனில் கவிதாவோடு தங்குவேன். கவிதா கோயம்புத்தூர்ப் பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கண்ணாடிக்குள் ஏதோ உலோகத்தைப் பூசுகிறாள். எனக்கு அது விளங்கியதில்லை, அவளுக்கு என் தொழில் விளங்கியதில்லை. ஒற்றுமையாக இருந்தோம்.

சாவுச் செய்தியை முதலில் அவளுக்குத்தான் சொன்னேன்.

"அய்யோ அக்கா! ஆனா கவலப்படாதீங்க. எங்க மாமா கோடம்பாக்கத்துல லைட்மேனா இருந்தாரு. செத்த சீன் எடுத்து முடிச்சாங்கன்னா உடனே பூசணிக்காய் சுத்தி உடைச்சிருவாங்க. திருஷ்டி எல்லாம் போயிரும். நான் வாங்கித் தர்றேன், நீங்க எடுத்துட்டுப் போங்க."

சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை கிரவீனுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான். குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் கத்தியை வைத்தார்.

"உனக்கென்ன விசரே? தாய் உயிரோட இருக்கேக்க பிள்ளை செத்துக் காட்டுறதே?"

"நடிப்புத்தானேயம்மா."

"நடிப்பெண்டா வேற ஏதும் நடி. பைத்தியமா நடி. கள்ளியா நடி."

ரமணன் எட்டிப் பார்த்தார். "மாமி, கவிதா பூசணிக்காய் உடைக்கிறனெண்டு சொல்லியிருக்கிறாள்" என்றார் உதவியாக.

"அது அவையின்ர வழக்கம். நல்லா உடைக்கட்டும். அதுக்காக இவள் சாகவேணுமே?"

அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். "இல்லையம்மா, முதல்ல டெலிபோனில செய்தி வாற மாதிரித்தான் இருந்தது. என்னைக் காட்டவே மாட்டினம். நான்தான் கேட்டனான், காட்டச் சொல்லி."

அம்மா வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ரமணன் மெல்லப் பின்வாங்கினார்.

இங்கே என் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரைத் தொடரில் இதுவரை சொல்லாமல் வந்துவிட்டேன். அண்ணாவின் பெயர் சுதன். என்னைவிட நிறைய மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு காலை சைக்கிளில் டியூசனுக்குப் போனார். பின்னேரம் ஒருவர் வந்து செய்தி சொன்னார். ஷெல் விழுந்ததாம். பாதை பூட்டியிருந்தது, யாராலும் போக முடியவில்லை. திறந்தபோது அங்கே பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது செய்தி கொண்டுவந்தவர் உள்ளே வராமல் வாசல் படலையடியிலேயே நின்றது மட்டும். அம்மா அண்ணாவைப் பற்றிக் கதைப்பதில்லை. வருடத்தில் ஒரு நாள், காரணம் சொல்லாமல், பால்புட்டு அவிப்பார். நாங்களும் காரணம் கேட்காமல் சாப்பிடுவோம்.

"செய்தியா வாற சாவு எங்கட வீட்டுக்கு ஒண்டே காணும், இன்னொண்டு வேண்டாம்" என்றார் அம்மா. "அப்ப நீ கேட்டது சரிதான்."

"கோவமில்லையே?"

"ஆனா நானும் வரவேணும்."

"எங்கயம்மா?"

"நீ சாகிற இடத்துக்கு. ரிவியில நீ படுத்துக் கிடப்பாய். பிறகு பாட்டைப் போட்டு முடிச்சுப்போடுவாங்கள். எழும்பினதை ஆர் காட்டுறது? அதை நான் பாக்கவேணும்."

மஞ்சள் அங்கி

கதை வெளியே கசியக் கூடாது என்பதால் தளத்துக்குள் விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை. பார்பரா மாட்டேன் என்றார். டெல்லா அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "நான் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது பெரிய தியாகம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி மணியோடு தினமும் ஒரு மணித்தியாலம் கதைப்பவர். மணிச் சித்தி என் தொடரை ஒரு பகுதி விடாமல் பார்ப்பவர். அடுத்து என்ன நடக்கும் என்று அம்மாவைக் குடைபவர். இனி நாலைந்து மாதத்துக்கு அம்மா வாயைக் கட்ட வேண்டும்.

அம்மா முதல் நாளே சிட்னியிலிருந்து வந்திருந்தார். சாகும் நாள் காலை கவிதா வெள்ளைப் பூசணிக்காயை ஒரு குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு காரில் வந்தாள். ஆராய்ச்சிக்கு லீவு. தளத்தின் வாசலில் பாதுகாப்பு அதிகாரி, நல்ல உயரமான ஆள், பூசணிக்காயைப் பார்த்து, "சாப்பாடா?" என்றார்.

"உடைக்க" என்றாள் கவிதா.

"எதன்மேல்?"

"தரையில. த்ரோ பண்ணி."

அவர் யோசித்தார். உடைந்த துண்டில் யாரும் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டார். மேலதிகாரியோடு ரேடியோவில் கதைத்தார். 'பூசணிக்காய்' என்ற சொல்லை அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் தீர்ப்பு வந்தது: கார் நிறுத்துமிடத்தின் மூலையில் உடைக்கலாம். சுற்றிவரச் செம்மஞ்சள் கூம்புகள் வைக்க வேண்டும். உடைப்பவர் பளிச்சென்ற மஞ்சள் பாதுகாப்பு அங்கி போட வேண்டும்.

"எல்லாம் முடிஞ்ச பிறகு" என்று சொல்லி, காயைத் தன் மேசையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

உள்ளே டெல்லா வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மாவுக்குத் தன் ஆங்கிலத்தில் நல்ல நம்பிக்கை. "யுவர் மதர், ஷீ இஸ் தேர்?" என்று கேட்டார்.

"இல்லை, போய்விட்டார்" என்றார் டெல்லா. "எனக்குப் பதினெட்டு வயதாகும்வரை ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் வந்தார். ஆனால் என்னைப் பார்க்க மாட்டார். இயக்குநரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்."

அம்மா டெல்லாவின் கன்னத்தைத் தட்டி, "பாவம் பிள்ளை" என்றார் தமிழிலேயே. டெல்லா மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. தன் பெயர் எழுதிய மடக்குக் கதிரையைத் தானே தூக்கிவந்து, கமெராவுக்குப் பின்னால் நன்றாகத் தெரியும் இடத்தில் அம்மாவுக்காக விரித்துவைத்தார்.

மூச்சு

சாவு நடிப்பது பற்றி டெல்லா எனக்குச் சொல்லித்தந்திருந்தார். துக்கமானதை நினைக்காதே, நினைத்தால் இமை துடிக்கும். மத்தியானம் என்ன சாப்பிடுவாய் என்று நினை. மூச்சை நெஞ்சால் விடாதே, அடிவயிற்றால் மெல்ல விடு, போர்வை மறைத்துவிடும்.

முதல் இரண்டு தரமும் நன்றாகப் போனது. அவர் என் நெஞ்சை அமுக்குவதுவரை எடுத்து நிறுத்தினார்கள். சுற்றிவரப் பேச்சு இருந்ததால் எனக்கும் இலகு. மூன்றாவது தரம் முடிவுவரை போவதாக இயக்குநர் சொன்னார்.

டெல்லா அமுக்கினார். கத்தினார். தாதியாக நடித்தவர் அவர் தோளில் கை வைத்தார். அவர் நிறுத்தினார். நேரத்தைச் சொன்னார், எங்கள் தொடரில் யாராவது செத்தால் நேரத்தைச் சொல்லுவார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

அத்தோடு 'கட்' சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டெல்லாவின் முகத்தில் என்னவோ நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும். இயக்குநர் கமெராவை ஓடவிட்டார். நான் எலுமிச்சம்பழச் சாதத்தை நினைத்தேன். மூக்கில் ஏதோ ஊர்ந்தது. பெரிய கூடம், அதில் அவ்வளவு பேர் நின்றும் ஒரு சத்தம் இல்லை. அடிவயிற்றால் மூச்சு விட்டேன். இன்னும் 'கட்' வரவில்லை.

அப்போது கமெராக்களுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல். பெரிதாக இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று எழுப்புவாரே, அதே குரல்.

"காணும் பிள்ளை. எழும்பு."

யாரும் அசையவில்லை. எந்த மொழி என்றே அந்தக் கூடத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

நடிகர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. தளத்தில் கூரை இடிந்தாலும் 'கட்' என்று கேட்கும்வரை அசையாதே. இருபது வருடத்தில் நான் அதை ஒரு தரமும் மீறியதில்லை. இன்னும் சில நொடி கிடந்தால் டெல்லாவின் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த அழுகை முழுதாகப் பதிவாகியிருக்கும். எனக்கும் அதுதான் கடைசிக் காட்சி. அதற்காகத்தானே அந்த மேசையில் சண்டை பிடித்தேன்.

"துஷி" என்றார் அம்மா. இந்த முறை குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

நான் கண்ணைத் திறந்தேன். எழும்பி உட்கார்ந்தேன். "ஓமம்மா, எழும்பிட்டன்" என்றேன்.

அம்மா கதிரையை விட்டு எழுந்து, நிலத்தில் கிடந்த வயர்களைக் கவனமாகத் தாண்டி வந்தார். ஒருவரும் மறிக்கவில்லை. வந்து என் தலையைப் பிடித்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் நெற்றி இரத்தத்தை அழுத்தித் துடைத்தார். ஒப்பனைக்காரப் பெண் காலையில் ஒன்றரை மணித்தியாலம் மினைக்கெட்டு வைத்த இரத்தம். தூரத்தில் அவள் "ஓ நோ" என்பது கேட்டது.

"பாணி மாதிரி ஒட்டுது" என்றார் அம்மா.

"பாணிதானம்மா."

நாக்கில் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அழுதார். என் தோளில் முகத்தை வைத்து, சத்தமில்லாமல், உடம்பு முழுவதும் குலுங்க. நான் என் வாழ்நாளில் அம்மா அப்படி அழுது பார்த்ததில்லை. செய்தி வந்த அன்றும் அவர் அழவில்லை. வீட்டுக்குள் போய் அண்ணாவுக்கு எடுத்துவைத்த சாப்பாட்டை மூடிவைத்தார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

டெல்லா இன்னும் என் மற்றக் கையைப் பிடித்தபடியே நின்றார். இயக்குநர் மெதுவாக, "கட்" என்றார். பிறகு எல்லாரையும் தேத்தண்ணிக்கு அனுப்பினார்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். டெல்லா தலையை ஆட்டினார். "தேவையானது கிடைத்துவிட்டது. உன் அம்மா பேசுவதற்கு முந்தியதே போதும்" என்றார். ஒப்பனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் மூக்கு சிவந்திருந்தது. அது நடிப்பு இல்லை.

பிறகு

பூசணிக்காய் முதல் எறிதலில் உடையவில்லை. சேலைக்கு மேல் மஞ்சள் அங்கி, அதற்குள் அம்மா. கவிதா சுற்றிக் கொடுக்க, அம்மா தூக்கிப் போட்டார். அது உருண்டு கூம்பில் மோதி நின்றது. பாதுகாப்பு அதிகாரி ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். "இன்னும் உயரத்திலிருந்து, அன்ரி" என்றாள் கவிதா. இரண்டாவது முறை சிதறியது. தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்ற முழுப் படப்பிடிப்புக் குழுவும் கைதட்டியது. அதிகாரி தானே தும்புத்தடியால் கூட்டினார்.

கிளேட்டனுக்குத் திரும்பும் வழியில் அம்மா முன்சீட்டில் இருந்தார். நெடுஞ்சாலையில் கொஞ்சத் தூரம் போனபின், யாரும் கேட்காமலே, "சுதன் கரம் போட் விளையாட்டில நல்ல கெட்டிக்காரன். உனக்கு ஞாபகமே?" என்றார்.

இல்லை என்றேன். வீடு போகும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். யாரை எப்படி வென்றான், தோற்றால் எப்படிக் கோபிப்பான், அப்பாவோடு என்ன பந்தயம் கட்டினான். பின்சீட்டிலிருந்து கவிதா, "அப்புறம் அன்ரி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகளெல்லாம் அவளுக்குத் தோன்றின.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏழு மாதம் ஒன்றுமில்லை. திரும்பவும் பார்மசியில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றேன். பிறகு டெல்லா தானே தயாரித்த படமொன்றுக்கு என்னை அழைத்தார். லொஸ் ஏஞ்சலிஸில் ஒன்றரை மாதம், நீதிபதி வேடம். அது பெரிய கதை, இங்கே அடங்காது.

செத்த பகுதி ஒளிபரப்பான நாளைச் சொல்லி நிறுத்துகிறேன். கனடாவில் இரவு என்றால் எங்களுக்கு அடுத்த நாள் பகல். கிரவீன் வீட்டில் நானும் அம்மாவும் மத்தியானச் சமையலை முடித்துவிட்டு இருந்தோம். அம்மாவின் போன் அடித்தது. மணிச் சித்தி. குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு அழுகை. "அக்கா, ஐயோ அக்கா, எங்கட துஷியை..." என்று வார்த்தை வராமல் விம்மினார்.

அம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். நாலைந்து மாதமாக வாயைக் கட்டியிருந்தவர், அவசரப்படவேயில்லை.

"அழாதையடி" என்றார். "பிள்ளை இஞ்ச கதிரையில இருந்து தேத்தண்ணி குடிக்குது. கதைக்கிறியே?"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு போனை வாங்கினேன்.